மொட்டைத் தலையோடு லைசென்ஸ் நகல் வாங்கப் போனேன்

பழனியாண்டவனை நம்பி வாழ்கிற சொந்தங்களே, அவன் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் வைத்துக்கொள்வது நியாயம் இல்லை. அதனால் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், ஒரு மாசி மாதக் காலையில், முதலாளி என் கையிலிருந்து லாரிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். எனக்கு ஊர் கொடைக்கானல் மலையில் பூண்டி. வெள்ளைப்பூண்டும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கி வத்தலக்குண்டு போய் வருவதுதான் பிழைப்பு. மலைப்பாதையில் லாரியைக் கவிழ்த்து லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆன டிரைவர் பழனிச்சாமி நான்தான் என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். என் பெயர் பழனிச்சாமிதான். ஆனால் எங்கள் மலையில் கூட்டத்தில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நான் ரோட்டில் ஒரு கோழியைக்கூட அடித்தவன் இல்லை.

லைசென்ஸை எடுத்துக் காட்டினேன். அந்தச் சின்னப் புத்தகம் ஐப்பசி மழையில் சட்டைப் பையோடு ஊறி, பக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டு, மை கரைந்து கிடந்தது. நம்பர்கூடத் தெரியவில்லை.

"இத நீயே தண்ணியில போட்டியோ என்னமோ, நான் என்னத்தக் கண்டேன்?" என்றார் முதலாளி. "மதுரை லைசென்ஸ் ஆபீஸ்ல உன் பதிவு முழுக்க இருக்கும்ல. அதுல ஒரு நகல் வாங்கிட்டு வா. கை சுத்தம்னு தெரிஞ்சா சாவி உனக்குத்தான். அடுத்த சந்தைக்குள்ள வரலைன்னா வேற ஆளப் போட்ருவேன். கோவிச்சுக்கப்படாது."

எனக்கு நிலம் கிடையாது. ஸ்டியரிங்கை விட்டால் வேறு சோலியும் தெரியாது. அதைவிட, செய்யாத தப்புக்கு ஊரே என்னைப் பார்க்கிற பார்வைதான் தாங்கவில்லை.

நகல் கிடைத்தால் பழனியில் முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். என் மனைவி பாப்பாத்தி அதற்கு ஒரு திருத்தம் சொன்னாள்.

"ஏங்க, காரியம் ஆனப்புறம் எதுக்கு? முதல்லயே குடுத்துருங்க. வாங்கிக்கிட்டா சாமிக்கு மறுக்க வாய் வராதுங்க."

எனக்கும் அது சரியாகப் பட்டது. மறுநாள் வெள்ளனே புறப்பட்டுக் காட்டுப்பாதையில் பழனிக்கு இறங்கினேன். முடி, மீசை இரண்டையும் கொடுத்தேன். தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு மலையேறி அவனைக் கும்பிட்டேன். அங்கிருந்து நேரே மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர், தகப்பன் பெயர், ஊர், லைசென்ஸ் எடுத்த வருஷம், நகல் எதற்கு என்று கேட்டுக் கேட்டு எழுதி, ஸ்டாம்பு ஒட்டிக் கொடுத்தார். நம்பர் இல்லாமல் தேடுவது கஷ்டம் என்றார். உள்ளே இருந்த குமாஸ்தா மூக்குக்கண்ணாடி போட்ட மனிதர். பொறுமையாகத் தேடி இரண்டு கட்டுக் காகிதத்தோடு வந்தார்.

"ஏம்ப்பா, பழனிச்சாமி ரெண்டு பேர் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் தகப்பன் பேரு சுப்பிரமணி. ரெண்டும் கொடைக்கானல் பக்கம். அதுல ஒருத்தனுக்கு லைசென்ஸ் சஸ்பெண்ட். நீ எந்தப் பழனிச்சாமி?"

"வண்டியக் கவுக்காத பழனிச்சாமிங்கய்யா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

இரண்டு போட்டோக்களையும் என் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இரண்டிலும் அடர்ந்த தலைமுடி, முறுக்கிய மீசை. எதிரே நின்ற எனக்கோ இரண்டும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அதில் எது நான் என்று எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்தது.

"உன்னைத் தெரிஞ்ச பெரிய ஆபீசர் யார்கிட்டயாவது எழுதி வாங்கிட்டு வா. இல்லேன்னா முடி மொளச்சப்புறம் வா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. ஆள் மாற்றி நகல் கொடுத்தால் அவர் வேலை போய்விடும். ஆனால் பெரிய ஆபீசருக்கும் எனக்கும் என்ன உறவு? முடி முளைப்பதற்குள் எத்தனை சந்தை போய்விடும்?

வெளியே வந்து வராந்தா ஓரத்தில் உட்கார்ந்தேன். அழுதேன். பிறகு முருகனைத் திட்டினேன். பக்தி குறைந்து திட்டவில்லை. அவனைத் தவிர எனக்குத் திட்டுவதற்கு ஆள் இல்லை. "எங்கப்பனுக்கும் உன் பேரு, எனக்கும் உன் பேரு, அந்த இன்னொருத்தனுக்கும் உன் பேரு. அடையாளமா இருந்த முடியையும் நீயே வாங்கிக்கிட்ட. இப்ப நான் யாருன்னு நீயே வந்து சொல்லு."

மலைக்காரனுக்கு மதுரை வெயில் ஒத்துக்கொள்ளாது. காய்ந்த சந்தனம் தலையில் இறுகி அரித்தது. குழாயடியில் தலையைக் காட்டித் தேய்த்துக் கழுவினேன். மனுவையாவது திரும்ப வாங்கிக்கொண்டு போவோம் என்று மறுபடி உள்ளே போனேன். குமாஸ்தா எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

"ஏப்பா, நில்லு. அப்படியே நில்லு, திரும்பாத."

எழுந்து வந்து என் பின்மண்டையைத் தொட்டுப் பார்த்தார். ஓடிப்போய் ஒரு காகிதக் கட்டைப் பிரித்தார். லைசென்ஸ் எடுத்தபோது டாக்டர் கொடுத்த சர்டிபிகேட் அதில் அடியில் கிடந்தது; போட்டோவைப் பார்த்ததோடு நிறுத்தியதால் முதலில் அவர் அதைப் புரட்டவில்லை. அங்க அடையாளம் என்ற இடத்தில், பின்மண்டையில் வளைந்த பழைய தழும்பு என்று இங்கிலீஷில் எழுதியிருந்ததை எனக்கு வாசித்துச் சொன்னார். சின்ன வயதில் பாறையில் விழுந்த தழும்பு. அப்போது அந்த டாக்டர் முடியை விலக்கிப் பார்த்தது எனக்கு மறந்தே போயிருந்தது. முடி இருந்தால் குமாஸ்தா கண்ணில் அது பட்டிருக்காது. சந்தனம் இருந்தாலும் பட்டிருக்காது.

"இன்னொருத்தனுக்கு மோவாயில மச்சம்னு போட்டிருக்கு. உனக்கு இல்ல. நீ சுத்தமான பழனிச்சாமிதான்யா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

நகல் எழுதி, ஒப்பிட்டுப் பார்த்து, முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். விபத்து இல்லை, தண்டனை இல்லை. சந்தைக்கு முன்பே முதலாளியிடம் நீட்டினேன். வாசித்துவிட்டுச் சாவியைத் தந்தார். "மனசுல வச்சுக்காதப்பா" என்றார். நானும் வைத்துக்கொள்ளவில்லை.

நன்றி சொல்ல மறுபடி பழனிக்குப் போனேன். சந்நிதியில் நின்றபோதுதான் தெரிந்தது, கொடுக்க என்னிடம் ஒன்றுமே இல்லை. தலையிலும் இல்லை, மடியிலும் இல்லை. வெறுமனே நின்றேன். அவனும் ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் அது கொடு, இது தருகிறேன் என்று அவனிடம் வியாபாரம் செய்திருக்கிறேன் என்பது அப்போது உறைத்தது. அன்றோடு அதை விட்டேன். வண்டி எடுக்கும்போது இப்போது ஒன்றே ஒன்றுதான் சொல்கிறேன்: என்னையும் பார்த்துக்கொள், அந்த இன்னொரு பழனிச்சாமியையும் பார்த்துக்கொள்.

லைசென்ஸ் நகலுக்குப் போகிற டிரைவர்கள் என்னிடம் வழி கேட்பார்கள். நம்பரைத் தனியாக எழுதி வையுங்கள், தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள் என்பேன். உங்களுக்கு வந்திருக்கும் கஷ்டம் வேறாக இருக்கலாம். நீங்கள் யார் என்று உலகத்துக்கு நிரூபிக்க முடியாமல் நிற்கிறீர்களா? அவனிடம் போங்கள். திட்ட வேண்டுமானால் திட்டுங்கள். நம் முதுகுப் பக்கம் இருப்பது நமக்குத்தான் தெரியாது, அவனுக்குத் தெரியும்.