கடைசி உருண்டையும் ஃபெர்மினின் கண்ணியமும்

பூட்டுக்காரர் ஃபெர்மின் ஐம்பது வயதைத் தாண்டியவர். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடத் தட்டின் கடைசித் துண்டை அவர் எடுத்ததில்லை. எங்கள் சாய்தின் பேட்டையில் ஒரு மனிதருக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது.

எங்கள் ஊர் கிரனாடாவில் பியர் கேட்டால் கூடவே ஒரு தட்டுத் தீனி, தாப்பா, தானாக வரும். ரெமேயின் பாரில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்து கறி உருண்டை வரும். ரெமேவுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை, மனிதர்களைத் தெரியும். அந்த ஐந்தாவதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் வெட்கத் துண்டு. எல்லோர் கண்ணும் அதன்மேல் இருக்கும், முழுசாக எடுக்க ஒருவர் கையும் போகாது. மிகவும் பசித்தவர் பாதியை வெட்டி எடுப்பார். அடுத்தவர் மீதியில் பாதி. கடைசியில் எறும்பு மட்டுமே மதிக்கக்கூடிய ஒரு துணுக்கு மிஞ்சும். அதையும் வெட்டக்கூடிய கை ஃபெர்மினுடையது.

அவர் வாழ்க்கையும் இதே ரகம். பஸ்ஸில் காலியாக இருந்த ஒரே இருக்கை, அப்பா வீட்டில் குளிருக்கு இதமாக வெயில் விழும் அறை, எல்லாம் அடுத்தவருக்கு. இளமையில் நண்பனுக்கு விட்டுக்கொடுத்த பெண்ணின் பேரனுக்கு ஞானஸ்நானம் நடந்தபோதும் போனார். கேக்கின் கடைசித் துண்டைத் தொடாமல் திரும்பினார்.

இப்போது மீன்கடை அங்குஸ்தியாஸ். ஃபெர்மினுக்கு மீன் வாடையே ஆகாது. ஆனாலும் தினமும் அவளிடம் நெத்திலி வாங்குகிறார். அவர் வீட்டுப் பூனை பிஷப் மாதிரி பெருத்துவிட்டது.

போன வெள்ளி மத்தியானம் அங்குஸ்தியாஸ், ஃபெர்மின், பெயிண்டர் மெல்ச்சோர், நான், நால்வரும் உட்கார்ந்திருந்தோம். தட்டில் வெட்கத் துண்டு.

அங்குஸ்தியாஸ் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, "நாளைக்குத் திருவிழாவுக்கு ஆடப் போறேன். ஜோடிதான் இல்ல. யார் வர்றீங்க?" என்றாள்.

கேள்வி எல்லோருக்கும், பார்வை ஃபெர்மினுக்கு. அவர் காது சிவந்தது. வாய் திறந்தது. பழக்கம் முந்திக்கொண்டது.

"மெல்ச்சோர் நல்லா ஆடுவானே. அவன் வரட்டும்."

மெல்ச்சோர் மட்டும் மரியாதை தெரியாதவனா? "சேச்சே, நீ போடா. எனக்கென்ன, நான் அப்புறம் பாத்துக்கறேன்."

"இல்லடா, நீ போ."

"அட, நீ போன்னா..."

"பாதி நேரம் நீ ஆடு, பாதி நேரம் அவன் ஆடட்டும்" என்று நான் ஃபெர்மினிடம் சமாதானம் சொன்னேன். நல்லெண்ணத்தில்தான்.

அங்குஸ்தியாஸ் கிளாஸை மேஜைமேல் வைத்த சத்தத்தில் ரெமே திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்யா, நான் என்ன தட்டுல மிஞ்சின உருண்டையா? ஆளாளுக்கு வெட்டிக் கூறு போடறீங்க! எவனும் வேண்டாம். நானே போயிக்கறேன்."

பையை எடுத்து எழுந்துவிட்டாள். கதவு நாலடி தூரம். ஃபெர்மின் அவள் முதுகைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். திடீரென்று கை நீண்டது. உருண்டையை முழுசாக எடுத்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்.

பார் அடங்கியது. காபி மெஷின்கூட மூச்சை நிறுத்தியது.

"அட, வெட்கங்கெட்டவனே!" என்றான் மெல்ச்சோர், உண்மையான வேதனையோடு. அவனும் அதன்மேல்தான் கண்ணாக இருந்தான்.

ஃபெர்மின் வாய் நிறைய உருண்டையோடு ஏதோ சொன்னார். யாருக்கும் புரியவில்லை.

"முழுங்கிட்டுச் சொல்லுய்யா" என்றாள் அங்குஸ்தியாஸ், கதவைப் பிடித்தபடியே.

விழுங்கினார். "நான் வர்றேன். நான்தான் வருவேன். இவன் வரக்கூடாது."

"ஆடத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"பரவால்ல. சட்டையைத் தேச்சுப் போட்டுட்டு வா." திரும்பி வந்து உட்கார்ந்தாள், இம்முறை ஃபெர்மின் பக்கத்து நாற்காலியில். "ரெமே, இன்னொரு ரவுண்டு!"

ரெமே கொண்டுவந்த தட்டில் மறுபடி ஐந்து. நால்வரும் ஒவ்வொன்று தின்றோம். ஐந்தாவதை நோக்கி ஃபெர்மின், புது வீரத்தில், கையை நீட்டினார்.

அங்குஸ்தியாஸ் ஏற்கெனவே மென்றுகொண்டிருந்தாள்.