அவறாச்சனுக்கு வந்த குரும்பை

கைனகரி படகுத்துறையில் அவறாச்சனைப் பற்றிக் கேட்டால் இரண்டு பெருமை சொல்வார்கள். ஓய்வு பெறும்வரை அரசுப் படகை ஒரு கரையிலும் இடிக்காதவர். இருபத்தெட்டு என்னும் சீட்டாட்டத்தில் ஒருநாளும் காதில் குரும்பை தொங்கவிடாதவர். சீட்டில் தோற்ற ஜோடி தென்னங்குரும்பையை நூலில் கோத்துக் காதில் மாட்டிக்கொள்ள வேண்டும். அடுத்து ஒரு ஆட்டத்தில் ஜோடி சேர்ந்து ஜெயித்தால்தான் கழற்றலாம். துறைக் கொட்டகையின் சட்டம் அது.

புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை எடுத்தபின் அவருக்குச் சிறுநீர்கூட ஒரு வழிக்கு வந்துவிட்டது. வயிறுதான் சண்டித்தனம் பண்ணியது. முதலில் இறுகிக் கிடந்தது, முக்கவும் பயம். பிறகு இளகி, கேட்காமல் கொள்ளாமல் வந்தது. போகப் போகச் சரியாகும் என்றார் டாக்டர். அவறாச்சனும் போய்க்கொண்டேதான் இருந்தார்.

மனைவி ஏலிக்குட்டி போய்ச் சேர்ந்தாயிற்று, மகன் குவைத்தில். புற்றுநோய் என்று ஊருக்கே சொன்ன மனிதருக்கு இதைச் சொல்ல நாக்கு எழவில்லை. வீட்டோடு கிடந்தார். மகன் பணம் வந்ததும் மதிப்பு ஏறிவிட்டது, இனி நம்மோடு உட்காருவாரா என்று துறையில் பேசினார்களாம். அதுதான் அவரைச் சுட்டது.

ஒரு சாயங்காலம் பட்டினி கிடந்து ஆடப் போனார். கூட்டாளி சதானந்தன் அவரை நம்பிக் ஏலக் கேள்வியை உச்சத்துக்கு ஏற்றினான். பாதி ஆட்டத்தில் அடிவயிறு முறுக்கியது. கொட்டகையில் கக்கூஸ் கிடையாது. சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கரையோரமாக ஓடினார். வீடுவரை தாங்கவில்லை.

வேட்டியைத் தானே துவைத்துக் கொல்லையில் காயப்போட்டார். இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று தீர்மானித்தார்.

மறுநாள் காலை சதானந்தன் வேலிப்படலுக்கு வெளியே வந்து நின்றான். அவன் காதில் குரும்பை ஆடியது. அவறாச்சன் கதவைத் திறக்காமல் ஜன்னலுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அச்சாயா, உள்ளதான் இருக்கீங்க, தெரியும். என் மேல என்ன கோவமோ, நான் கேக்கல. தோத்தது நாம ரெண்டு பேரு. நான் மட்டும் மாட்டிக்கிட்டுத் திரியறேன், பொண்டாட்டி சிரிக்கிறா. உங்களோடத இங்க வெச்சிட்டுப் போறேன்."

வேறு ஜோடி சேர்ந்து ஜெயித்து அதைக் கழற்றிப் போட அவனுக்கு எவ்வளவு நேரமாகும்? ஆனால் அவர் இல்லாமல் போட மாட்டான்.

அவர் தாழ்ப்பாளை நீக்கி வெளியே வருவதற்குள் சதானந்தனின் வள்ளம் ஆற்று வளைவில் திரும்பிவிட்டது. படலில் தொங்கிய குரும்பையை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

"கோவம் இல்லடா சதானந்தா," என்றார். "வயிறுடா. அடக்க முடியலடா."

சொல்லிவிட்டார். ஆற்றில் ஆள் இல்லை.