வராத வண்டியைக் கூப்பிட்டவள்

அந்த ரயில் நிலையத்தில் அவளை எல்லோரும் மைக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி வருகிறது, புறப்படுகிறது, தாமதமாகிறது என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்கிற வேலை. ஊர் உலகத்தையெல்லாம் வழியனுப்பி வைத்தாளே தவிர, அவள் எங்கேயும் போனதில்லை. அவள் உட்காரும் அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் தண்ணீர்த் தொட்டியின் முதுகு தெரியும். ரயில் நிலையத்திலேயே ரயில் கண்ணில் படாத அறை அது ஒன்றுதான். அதில் அவளைக் கொண்டுபோய் உட்கார வைத்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

அதனால் அவளிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. மைக்கின் பொத்தானை அழுத்துவதற்கு முன் கண்ணை மூடிக்கொள்வாள். சொல்லப்போகிற ஊர் மெல்ல வந்து எதிரே நிற்கும். கடற்கரை ஊர் என்றால் ஈர மணலும் துருப்பிடித்த கதவும். மலை ஊர் என்றால் வெள்ளையாக ஏதோ ஒன்று, அதற்குள் எங்கோ ஒரு விளக்கு. ஊர் வந்து நின்ற பிறகுதான் வாயைத் திறப்பாள். அதனாலோ என்னவோ, அவள் குரல் கேட்டு யாரும் அடித்துப் பிடித்து ஓடியதில்லை. நிதானமாக எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள்.

'பனிமூட்டம் காரணமாக' என்று எத்தனை முறை சொல்லியிருப்பாளோ, கணக்கே இல்லை. ஆனால் பனிமூட்டத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அது எங்கிருந்து வருகிறது? ஒரு ஊரில் ஏன் படுத்துக்கொள்கிறது, அடுத்த ஊரை ஏன் எட்டிக்கூடப் பார்க்காமல் போகிறது? சோறு வடிக்கும்போது கஞ்சியின் ஆவி முகத்தில் அடித்தால்கூட அவளுக்கு இந்த யோசனைதான். 'அடுப்புல என்னமோ தீயுது' என்று மகள் கத்தின பிறகுதான் இறங்கி வருவாள்.

போன வருடம் மகள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டபோது தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தவள், இந்த வருடம் சத்தம் போடாமல் தானே மூன்று கல்லூரிகளுக்குப் போட்டுவிட்டாள். புவியியல் படிக்க. பள்ளிக்கூடம் முடித்த கையோடு கல்யாணம், அப்புறம் வேலை, அப்புறம் பிள்ளை என்று போன வாழ்க்கையில், இந்த வயதில் எவன் கூப்பிடப்போகிறான் என்ற தைரியத்தில்தான் போட்டாள். மூன்று பேரும் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒன்று உள்ளூர்க் கல்லூரி, மகள் படிப்பதும் அங்கேதான். இன்னொன்று கடற்கரை ஊரில். மூன்றாவது மலை ஊரில், ஒரு பகலும் பாதி ராத்திரியும் ரயிலில் போகவேண்டிய தூரத்தில். வாரக் கடைசிக்குள் ஒன்றுக்குச் சரி சொல்லியாக வேண்டும்.

"அம்மா, எங்க காலேஜ் மட்டும் வேண்டாம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்!" என்று மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நீ எனக்கு ஜூனியரா வந்து நிப்ப. கேன்டீன்ல எல்லார் முன்னாடியும் 'சாப்டியாடீ'ன்னு கேப்ப. என் மானம் கப்பலேறிடும்."

"கேக்கமாட்டேன்டீ. தெரியாத மாதிரி போயிடறேன்."

"உன்னால முடியாது."

கணவர் மூன்று கடிதங்களையும் படித்தார். நிலையத்துக்கு எதிரே இருக்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். எதைச் சொன்னாலும் "சரி" என்பார். குழம்பில் உப்பில்லை என்றாலும் சரி, உப்பு கூடிவிட்டது என்றாலும் சரி. கடிதங்களை மடித்து வைத்துவிட்டு, "எது?" என்றார்.

"உள்ளூர்தான். வேற எது? வீடு இருக்கு, நீங்க இருக்கீங்க, பஸ்ல போனா சாயந்தரம் வந்துடலாம்."

"சரி" என்றார்.

அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாள் என்று சொன்னால் பாதிப் பொய். மலை ஊர்க் கடிதத்தை மட்டும் மறுநாள் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மத்தியானம். பக்கத்து ஊர் வரைக்கும் போய்த் திரும்புகிற சின்ன வண்டி வரும் நேரம். தண்ணீர்த் தொட்டியின் மேல் வெயில் நெளிந்தது. கண்ணை மூடினாள். பக்கத்து ஊர் வரவில்லை. வெள்ளையாக ஒன்று வந்து அறையை நிறைத்தது. நாற்காலி தெரியவில்லை, கை தெரியவில்லை, தூரத்தில் அந்த விளக்கு மட்டும். பொத்தானை அழுத்தினாள். மலை ஊருக்குச் செல்லும் வண்டி இரண்டாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறது என்று, என்றுமில்லாத நிதானத்தோடு சொல்லி முடித்தாள்.

மலை ஊர் வண்டி நாளுக்கு ஒன்றுதான். அது காலையிலேயே போய்விட்டது.

சற்று நேரத்தில் கதவு படாரென்று திறந்தது. இரண்டு கையிலும் மூட்டையோடு ஒரு பெரிய மனிதர், வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, காலையில வண்டியைத் தவறவிட்டுட்டு, இனி நாளைக்குத்தான், தலையெழுத்தேன்னு உக்காந்திருந்தேன். நீங்க கூப்பிட்டீங்களேன்னு இத்தனையும் தூக்கிட்டுப் பாலம் ஏறி இறங்கினா, அங்க நிக்கிறது பக்கத்து ஊர் வண்டி! எங்கம்மா மலை?"

அவள் பதறிப்போய் எழுந்தாள். "மன்னிச்சுடுங்க. தப்பாச் சொல்லிட்டேன்." உடனே மைக்கில் திருத்திச் சொன்னாள். அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுக்க முடியவில்லை. "நீங்க மலை ஊரா? அங்க பனிமூட்டம் எப்படி இருக்கும்?"

வந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்ட வந்த இடத்தில் இப்படியொரு கேள்வியா?

"அந்தச் சனியனை ஏன் கேக்கிறீங்க! நான் அங்க சலவைக் கடை வெச்சிருக்கேன். கதவைத் திறந்தா கேக்காம கொள்ளாம சொந்தக்காரன் மாதிரி உள்ள வந்துடும். ஒரு துணி காயாது. எதிர்ல வர்ற ஆளு செருப்புச் சத்தம்தான் முதல்ல வரும், ஆளு அப்புறம்தான் வருவாரு. சில நாள் காலையில நம்ம வீட்டு வாசலே எங்கயோ மிதக்கிற மாதிரி இருக்கும்." அவர் கோபத்தை எங்கேயோ வைத்துவிட்டு மறந்தவர் போலக் கொஞ்சம் நிறுத்தினார். "பாக்க நல்லாத்தான் இருக்கும். துணிதான் காயாது."

மைக்கம்மா சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. ஆசை என்பது இவ்வளவு பெரிதாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

சாயந்தரம் கணவர் கை கழுவிக்கொண்டே சொன்னார், "இன்னைக்கு வராத வண்டியைக் கூப்பிட்டியே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? கடையில மிஷின் ஓடற சத்தத்துல பேசறதே கேக்காதே?"

அவர் துண்டை எடுத்துத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"நீ பேசறப்ப நிறுத்திடுவேன்."

"எப்பலேர்ந்து?"

"நீ வேலைக்குச் சேந்ததுலேர்ந்து. முதலாளி மொதல்ல திட்டினார். அப்புறம் பழகிடுச்சு." துண்டைக் கொடியில் போட்டார். "இத்தனை வருஷத்துல நீ ஊர் மாத்திச் சொன்னதே இல்லை. மலை ஊருக்கே எழுதிப் போடு."

"வீடு?"

"நாங்க இருக்கோம்ல."

"எனக்கு ஓகே, என் மானமும் தப்பிச்சுது" என்று உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் வந்தது.

நீண்ட விடுப்பு கிடைத்து அவள் கிளம்பிய காலையில், இரண்டாவது நடைமேடையில் முதல் தடவையாகப் பெட்டியோடு நின்றாள். புதிதாக வந்த பெண்ணின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. அவசரக் குரல். எல்லோரும் ஓடினார்கள். மைக்கம்மாவும் ஓடினாள், ஓடும்போது சிரிப்பு வந்தது. மகள் பெட்டியை ஏற்றிவிட்டு, "சாப்டியான்னு தினம் நான் கேப்பேன், எல்லார் முன்னாடியும்" என்றாள்.

கணவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள்தான் விளையாட்டாகச் சொன்னாள். "இனிமே மிஷினை நிறுத்த வேண்டாம். வேலையாவது சீக்கிரம் முடியும்."

வண்டி நகர்ந்தது. கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்தார். எதற்கும் சரி என்கிற அந்த மனிதர், அதற்கு மட்டும் சரி சொல்லவில்லை.