பதினேழாம் நம்பர் கதவு

ஸ்டேஷன்களின் வரலாற்றை எழுதக் கிளம்புகிறவர் முதல் நாளே தெரிந்துகொள்வது ஒன்று உண்டு: ஸ்டேஷனில் எல்லோரும் ரயிலுக்காகக் காத்திருக்கிறார்கள், உங்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை.

நான் படித்தது எட்டாவது வரை. பதினாறு வருஷம் செங்கல்பட்டு வழியாகப் போகிற பாசஞ்சர் வண்டிகளில் கொய்யாவும் வேர்க்கடலையும் விற்றேன். முட்டி தேய்ந்து கூடையை இறக்கி வைத்த பிறகு, என்னிடம் வாடிக்கையாகக் கொய்யா வாங்கிய ஒரு சார் கூப்பிட்டு அனுப்பினார். கட்டட வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். புது லைன், புது பிளாட்பாரம் என்று எல்லாம் மாறிப்போவதற்குள் இந்தப் பக்கத்துச் சின்ன ஸ்டேஷன்களை அளந்து, படம் எடுத்து, பழைய ஆட்கள் சொல்வதை எழுதி ஒரு புத்தகமாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவரால் அதிகம் நடக்க முடியாது. எனக்கோ எந்த ஸ்டேஷனில் எந்தப் பக்கம் படி என்பது கண்ணை மூடினாலும் தெரியும். ஒரு டேப், ஒரு நோட்டு, படம் எடுக்க ஒரு போன் கொடுத்தார். கணக்கெடுப்போ வாக்காளர் பட்டியலோ, நோட்டும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்களே, நான் பட்டதைச் சொன்னால் நீங்களாவது சிரிக்க மாட்டீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

டேப்பின் மறுமுனை

வாலாஜாபாத் போகிற லைனில் ஒரு ஸ்டேஷன். டிக்கெட் அறையை அளக்க டேப்பின் ஒரு முனையை வண்டிக்கு நின்ற ஒருவரிடம் கொடுத்தேன். நல்ல மனிதர், பிடித்துக்கொண்டார். எதற்கு அளக்கிறேன் என்று கேட்டார். சும்மா, வரலாறு எழுதத்தான் என்றேன். உடனே முனையைக் கீழே விட்டுவிட்டுப் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார்.

நான் அளந்து முடிப்பதற்குள் ஐந்து பேர் வந்துவிட்டார்கள். இரண்டு பேர் கையில் பட்டா நகல். புது லைனுக்கு நிலம் எடுத்தால் வேலி கிணற்றுக்கு இந்தப் பக்கம் வருமா அந்தப் பக்கம் வருமா என்று ஒருவர் கேட்டார். வேலியே வராது, நான் ஆபீசு ஆளே கிடையாது என்று சத்தியம் செய்தேன். அவர்களோடு வந்த ஓர் அம்மா, நோட்டில் எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். ‘டிக்கெட் அறை, பத்தடிக்கு எட்டடி’ என்று படித்தேன். அதைக் கேட்ட பிறகும் அவர் முகம் மாறவில்லை.

“சும்மா அளக்கறேன்னுதாம்மா எல்லாரும் ஆரம்பிப்பாங்க.”

சிவப்புக் கட்டி

அளவு ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று குழம்பிப் போனதால் சார் ஒரு வழி சொன்னார். கட்டடத்தின் ஒவ்வொரு தூண், சன்னல், வாசலுக்கும் ஓர் எண் எழுதிப் படம் எடுக்க வேண்டும். அதே எண்ணை நோட்டிலும் எழுத வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் வெள்ளைச் சாக்பீஸ் தெரியவில்லை. மரவாடியில் கட்டைகளுக்கு எண் போடுவார்களே, அந்தச் சிவப்பு மெழுகுக் கட்டியை வாங்கிக் கொடுத்தார். மழைக்கும் அழியாது.

செங்கல்பட்டுக்குத் தெற்கே ஒரு ஹால்ட்டுக்குப் போனேன். ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. பாசஞ்சர் மட்டும் ஒரு நிமிஷம் நிற்கும். ஊர்ப் பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும். தூண்களுக்கும் டிக்கெட் அறைக்கும் எண் போட்டுக்கொண்டே போய், பிளாட்பாரத்தின் கடைசியில் ஒற்றை அறை ஒன்றைப் பார்த்தேன். பழைய கேட்மேன் அறையாக இருக்கும் என்று நினைத்தேன். பூட்டிய மரக்கதவு. கதவு நடுவே பெரிதாகப் பதினேழு என்று எழுதி, படம் எடுத்தேன். வண்டிக்கு நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தில் பக்கத்தில் யாரையும் கேட்கவில்லை. பெஞ்சில் இருந்த ஒருவரிடம் மட்டும், இந்த இடத்தைப் பற்றித் தெரிந்த பழைய ஆள் யாராவது உண்டா என்று விசாரித்தேன். அவர் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

“இந்த ஹால்ட்டப் பத்திச் சொல்ல இங்க இப்ப யாரும் இல்லம்மா.”

பெரிதாக்கிய படம்

படங்களைச் சார் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிப் பார்ப்பார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, எதில் என் விரல் விழுந்திருக்கிறதோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பேன். அந்த ஹால்ட்டுக்குப் போய் வந்து பத்து நாள் இருக்கும். பன்னிரண்டும் பதின்மூன்றும் கலங்கல். பதினேழு மட்டும் பளிச்சென்று இருந்தது. எழுத்து நன்றாக விழுந்திருக்கிறது என்று பாராட்டக்கூடச் செய்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, படத்தின் ஓரத்துக்குப் போனார். அங்கே சுவரில் இருந்து வேப்பமரத்துக்கு ஒரு கொடி கட்டியிருந்தது. அதை நான் அங்கே நின்றபோதும் பார்த்தேன். பார்த்தும் கவனிக்கவில்லை.

“கொடியில் புடவை காய்கிறதே, அது யாருடையது?”

கதவில்லாத வாசல்

மறுநாள் காலை பாசஞ்சரிலேயே போனேன். அந்த அறையில் கதவு இல்லை. கூரையில் இரண்டு தகரம் இல்லை. உள்ளே மண் அடுப்பை இடித்துப் போட்டிருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கோவிந்தன் என்பவரைக் கேட்டேன்.

அங்கே இருந்தது தெரசம்மா. தண்டவாளம் பார்க்கிற கேங்மேனாக இருந்தவரின் மனைவி. கணவர் இறந்த பிறகும் அந்த அறையிலேயே இருந்தார். இரு என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் யாரும் சொல்லவில்லை. களை எடுக்கப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பியவர், கதவில் சிவப்பு எண்ணைப் பார்த்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம். ஏரிக்கரையோ சாலையோரமோ, இந்தப் பக்கத்தில் குடிசையில் சிவப்பு எண் விழுந்தால் அடுத்து என்ன வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் எண், பிறகு நோட்டீஸ், பிறகு இயந்திரம். மூன்றாம் நாள் கதவையும் கூரைத் தகரம் இரண்டையும் கழற்றி லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, திருவிடந்தைப் பக்கம் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

எண் போட்டது நான்தான் என்று கோவிந்தனிடம் கடைசியில் சொன்னேன். அவர் என் பையையும் செருப்பையும் ஒரு தரம் பார்த்தார்.

“ஆபீசருங்க போட்டாங்கன்னு நெனச்சிகினு போயிட்டா. நீன்னு தெரிஞ்சா இன்னாத்துக்குப் போறா?”

என் கையெழுத்து

செங்கல்பட்டில் இருந்து மாமல்லபுரம், அங்கிருந்து வேறு பஸ். அந்தக் கடற்கரைப் பக்கம் ரயில் கிடையாது. ரயில் இல்லாத ஊரில் எனக்கு எதை வைத்து வழி கேட்பது என்றே தெரியவில்லை. தங்கையின் பெயரையும் கேட்காமல் வந்திருந்தேன். இரண்டு தெரு சுற்றினேன். மூன்றாவதில், ஒரு வீட்டுச் சுவரில் மரக்கதவு ஒன்று சாய்ந்து நின்றது. மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்திக் கயிறு கட்டியிருந்தது. தாளுக்குள்ளே சிவப்பாகப் பதினேழு. ஏழின் இடுப்பில் கோடு போடுவது என் பழக்கம். அதற்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியிருக்கிறேன்.

தெரசம்மா வெளியே வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பையில் இருந்த நோட்டைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் வாய் திறப்பதற்குள் உள்ளே போய் ஒரு பை நிறைய ரேஷன் கார்டு, ஆதார் நகல், கணவரின் அடையாள அட்டை எல்லாவற்றையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். முன்பு ஒரு ஏரிக்கரையில் குடியிருந்தாராம். அங்கே எண் போட்டவர்களுக்கு மாற்று வீடு கொடுத்தார்கள். அவர் வீட்டு எண் மழையில் கரைந்துவிட்டது. எண் இல்லை, வீடும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இருந்த சாமானும் இடிபாட்டுக்குள் போயிற்று. அதனால்தான் இந்த முறை முன்கூட்டியே கிளம்பினார். அதனால்தான் கதவோடு கிளம்பினார்.

“மழ படாம வச்சிகினு கீறேம்மா. நம்பரு நல்லா தெரியுது பாரு.”

எனக்குத் தண்ணீர் தந்தார். குடித்துவிட்டுச் சொன்னேன். அது எந்த ஆபீசின் எண்ணும் இல்லை, அதைக் காட்டினால் யாரும் வீடு தரமாட்டார்கள், அது நான் படம் எடுக்கப் போட்டது என்று. அவருக்குப் புரியவில்லை. நோட்டைத் திறந்து, பதினாறு டிக்கெட் அறைச் சன்னல், பதினேழு கதவு, ஆறடிக்கு மூன்றடி என்று காட்டினேன். தங்கை சத்தம் போட ஆரம்பித்தார். அவர் திட்டியது எல்லாம் எனக்குத் தகும். அதை இங்கே எழுதவில்லை. தெரசம்மா மட்டும் நோட்டின் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தார். பிறகு கேட்டார்.

“அப்போ என்னை யாரும் போவச் சொல்லலியா?”

ஆறடிக்கு மூன்றடி

யாரும் போகச் சொல்லவில்லை, திரும்பி வந்துவிடுங்கள் என்று தெரசம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் கழித்துக் கோவிந்தனுக்கு அவரிடமிருந்து போன் வந்தது, கதவு மாட்ட ஆள் வேண்டும் என்று. சார் லோடு ஆட்டோ அனுப்பினார். திருவிடந்தைப் பக்கத்தில் இருந்து அந்த ஹால்ட் வரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தேன். கோவிந்தன் கீல் அடித்துத் தகரத்தையும் ஏற்றினார். அடுப்புக்கு நான் மண் குழைத்தேன். நாளைக்கு நிஜமான எண்ணோடு நிஜமான ஆட்கள் வரலாம். வரமாட்டார்கள் என்று சொல்ல அங்கே யாருக்கும் தெம்பு இல்லை. அதனால்தான் ஊர்ப் பெயரை நான் சொல்லவில்லை.

அடுப்பு காய்கிற நேரத்தில் தெரசம்மா தானாகவே பேசினார். சாயங்கால வண்டி தாமதமானால், இறங்குகிறவர்களுக்குப் படி தெரிய வேண்டுமென்று வேப்பமரத்தில் அவர் விளக்கு மாட்டிய கதை. ஒரு மழையில், கணவர் தண்டவாளத்தின் அடியில் மண் அரித்திருப்பதைப் பார்த்துச் சிவப்புக் கொடியோடு ஓடிய கதை. நான்கு பக்கம் எழுதினேன். இந்த ஹால்ட்டைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை என்று முன்பு எழுதிய வரியை அடித்தேன். பிறகு ஈரத்துணியும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு கதவைத் தேய்க்கப் போனேன். எவ்வளவு தேய்த்தும் மெழுகு போகவில்லை. அவர் அடுப்படியில் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கெடக்கட்டும் வுடு. அடுத்த தபா வந்தா எந்தக் கதவத் தட்டணும்னு உனக்குத் தெரியும்ல.”

மூன்று நோட்டு நிறைய மற்றவர்கள் செய்த வரலாற்றை எழுதியிருக்கிறேன். நானாகச் செய்த வரலாறு அந்தப் பதினேழு ஒன்றுதான், அதுவும் அழிய மாட்டேன் என்கிறது.