டிரைவருக்கு உண்டான தலை

கலியமூர்த்திக்கு அந்த வருஷம் கடல் அலுத்துப் போயிருந்தது. ஒரு நாள் படுத்து எழுந்தால் போகிற அலுப்பில்லை அது. இடுப்பிலிருந்து முழங்கால் வரை இறங்கி, அங்கேயே குடித்தனம் வைத்துவிட்ட அலுப்பு. கடலூர் ஓ.டி. துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகும் ஒரு விசைப்படகில் அவர் சமையல்காரர். போனால் நாலைந்து நாள் தங்கி மீன்பிடித்துவிட்டுத்தான் கரை திரும்புவார்கள். சமையல்கட்டு என்று பெயருக்குச் சொல்லலாம். பின்பக்கம் ஒரு மரப்பொட்டி, அதற்குள் காஸ் அடுப்பு, அலைக்கு ஆடாமல் கம்பி போட்டு இழுத்துக் கட்டிய சட்டி. நிமிர்ந்தால் தலை இடிக்கும். எட்டு வருஷம் குனிந்தே சமைத்ததில், கரையில் நடக்கும்போதும் முதுகுக்கு நிமிர்கிற ஞாபகம் வருவதில்லை.

இத்தனைக்கும் அவர் கடல்காரரே இல்லை. அண்ணாகிராமத்துக்காரர். பலாவும் முந்திரியும் விளைகிற செம்மண்ணில் பிறந்து, கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தவர். சுனாமி அடித்த வாரம் பண்ருட்டியிலிருந்து அரிசி லாரியில் ஏறி, முகாமில் சமைக்க வந்தார். தினமும் சாம்பார் சாதம். ஒருநாள் தட்டை நீட்டிய ஓர் ஆள், "கைப்பக்குவம் நல்லாருக்கு மச்சான். மீன் கொழம்பு வெக்கத் தெரியுமா?" என்று கேட்டார். அவர்தான் சாமிக்கண்ணு, போட்டு டிரைவர். கடல் என்றாலே எல்லோரும் நடுங்கிக் கொண்டிருந்த நேரம். போட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை. கலியமூர்த்திக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால் பயமும் தெரியவில்லை. சரி என்று ஏறிவிட்டார். இரண்டு பேருக்கும் உறவு கிடையாது. ஆனாலும் அன்றிலிருந்து மச்சான்தான்.

அந்த மச்சானுக்குப் போன வருஷம் வாயில் புற்று வந்தது. ஆபரேஷன் செய்து, பிறகு கரண்டு என்று சொல்கிற கதிர்வீச்சும் வைத்தார்கள். உயிர் தங்கியது. ஆனால் வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்கவில்லை. மெல்வது என்பது இனி இல்லை. வீட்டில் அவர் மனைவி முத்தம்மாள் சோறு, முட்டை, மீன் எல்லாவற்றையும் மிக்சியில் அடித்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். அதைக்கூட அவர் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் குடித்தார்.

2012 மே மாதம். மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிறது, படகுகளுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். ஓனரம்மா ராமாமிர்தம் நல்ல மனுஷிதான். ஆனால் நல்ல மனுஷிக்கும் போட்டு ஓட வேண்டுமே. "ஒரு வாட்டி கடலுக்குப் போயிட்டு வாங்க சாமிக்கண்ணு. ஒடம்பு தாங்குச்சின்னா நீங்கதான் டிரைவர். தாங்கலன்னா வேற ஆளு பாக்கறேன். மனசுல வெச்சிக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

"கடல்ல சாப்பாட்டுக்கு இன்னா பண்ணுவ மச்சான்?" என்று கலியமூர்த்தி கேட்டார்.

"கூழு போதும்."

"நாலு நாளும் கூழா?"

"பின்ன? பசங்க முன்னாடி அரைச்சி ஊத்தச் சொல்றியா? பச்சப் புள்ளையா நானு? வேல வாங்கறவன் வாயப் பாத்து பசங்க சிரிச்சா, அப்பறம் எவன் சொன்ன பேச்சு கேப்பான்?" என்று சாமிக்கண்ணு சீறினார். வாய் சரியாகத் திறக்காததால் கோபமும் பல்லிடுக்கு வழியாகத்தான் வந்தது.

கலியமூர்த்திக்கு உள்ளே ஒரு கெட்ட நினைப்பு ஓடியது, அதையும் சொல்லிவிட வேண்டும். மச்சானால் முடியவில்லை என்றால் புது டிரைவர் வருவான். புது டிரைவர் தன் ஆட்களோடு வருவான்; சமையலுக்கும் அவன் ஆள்தான். அப்புறம் கலியமூர்த்தி அண்ணாகிராமத்துக்குப் போகலாம், பஸ் நிற்கிற இடமாகப் பார்த்து ஓர் இட்லிக் கடை போடலாம், நிமிர்ந்து நின்று சட்னி தாளிக்கலாம். யாரும் அவரைக் குறை சொல்லப் போவதில்லை. நினைப்பு இனித்தது. இனித்ததும் தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த வாரம் சாமிக்கண்ணுவுக்குச் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி செக்கப். துணைக்குப் போனார். எடை இன்னும் இறங்கியிருக்கிறது, இதில் கடலில் நாலு நாள் வெறும் கூழா என்று டாக்டரம்மா கடிந்துகொண்டார். "கூழ் மட்டும் குடிச்சா மயக்கம் வரும். மீன், முட்டை, பருப்பு எல்லாம் நைசா அரைச்சுக் குடுங்க. ஒரு சின்ன முள்ளுகூட போகக்கூடாது." சாமிக்கண்ணு சுவரைப் பார்த்தபடி தலையாட்டினார். மருந்து வாங்கும் வரிசை அனுமார் வால்போல நீண்டிருந்தது. அவரை அதில் நிறுத்திவிட்டு, "டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று கலியமூர்த்தி கிளம்பினார். டீக்கடையில் இட்லியும் அவித்த முட்டையும் பார்சல் கட்டிக்கொண்டு, மேல வீதியில் ஒரு பாத்திரக் கடைக்குள் நுழைந்தார்.

கடையில் காயத்ரி என்றொரு பெண் இருந்தாள். முதலில் மிக்சியைக் காட்டினாள். கலியமூர்த்தி அதை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"இது நிக்காதும்மா. நம்ம எடம் ஆடும். மூடி ஒருபக்கம் பறக்கும், ஜாரு ஒருபக்கம் பறக்கும்."

"ஆடுற எடத்துல ஏன் சார் மிக்சி வெக்கறீங்க?"

"போட்டும்மா. மீன்புடிக்கிற போட்டு."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளேயிருந்து கையில் பிடிக்கிற பிளெண்டர் இரண்டைக் கொண்டுவந்தாள். தடிபோல இருந்தது, நுனியில் சின்ன பிளேடு. சட்டிக்குள்ளேயே விட்டு அடிக்கலாம், ஜாரே வேண்டாம் என்றாள். கலியமூர்த்திக்கு முகம் மலர்ந்தது. ஒன்றுக்குக் கால் பிளாஸ்டிக். கொதிக்கிற சட்டியில் விட்டால் இளகிவிடும் என்று ஒதுக்கினார். இன்னொன்றுக்குக் கால் எவர்சில்வர், பிடி கைக்கு அடக்கம், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஓட்டலாம். பிளேடைக் கழற்றிக் கழுவலாமா, உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்குமா, பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டுமா என்று பெண் பார்க்க வந்த வீட்டார்போலக் கேள்வி கேட்டார்.

"ஓட்டிக் காட்டட்டுமா சார்?"

"இப்ப வாணாம். கரண்டு போவட்டும்."

காயத்ரிக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். போட்டில் லைன் கரண்டு ஏது? பேட்டரியில் ஓடுகிற ஒரு சின்ன இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜ் போட வைத்தது. சில மோட்டார் இன்வெர்ட்டரில் முனகும், சூடாகும், சுற்றவே சுற்றாது என்று பேட்டரி மெக்கானிக் சொல்லியிருக்கிறான். அதனால் கடையின் இன்வெர்ட்டரில் ஓட்டிப் பார்த்தால்தான் நம்பிக்கை.

தமிழ்நாடே கரண்டு எப்போது வரும் என்று விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்த வருஷம் அது. கரண்டு போகட்டும் என்று ஸ்டூல் போட்டுக் காத்திருந்தவர் கலியமூர்த்தி ஒருவராகத்தான் இருக்கும். அவர் பொறுமையை மின்சார வாரியம் ரொம்பச் சோதிக்கவில்லை. ஃபேன் நின்றது, அலுத்துக்கொண்டே இன்வெர்ட்டர் எழுந்தது. டீக்கடைப் பொட்டலத்தைப் பிரித்து இட்லி, முட்டை, சாம்பார் எல்லாவற்றையும் கடைப் பாத்திரம் ஒன்றில் போட்டார். "சார், டெமோவுக்குத் தண்ணிதான்…" என்று காயத்ரி சொல்லி முடிப்பதற்குள் பொத்தானை அமுக்கிவிட்டார். வண்டு பறக்கிற சத்தம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் கூழாகிவிட்டது.

அதை அங்கேயே எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இடுக்கு வழியாக உறிஞ்சிப் பார்த்தார். இறங்கியது. ஆனால் என்ன ருசி அது! இட்லியும் இல்லை, முட்டையும் இல்லை. இதைத்தான் மச்சான் மூன்று வேளையும் சுவரைப் பார்த்துக்கொண்டு குடிக்கிறாரா என்று நினைத்துக்கொண்டார் கலியமூர்த்தி. பேரம்கூடப் பேசவில்லை. வாங்கி, மாற்று வேட்டிக்குள் சுருட்டி, பைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் சாமிக்கண்ணு கேட்டார்: "டீ குடிக்க இம்மா நேரமா?"

"பால் காயல" என்றார்.

தடை முடிந்து முதல் பயணம். சாமிக்கண்ணு வீல் பிடித்தார். முதல் நாள் முழுக்கக் கூழ்தான். மறுநாள் காலை வீல் ரூமை எட்டிப் பார்த்தபோது, அவர் வீலைப் பிடித்திருக்கிறாரா, வீல் அவரைப் பிடித்திருக்கிறதா என்று கலியமூர்த்திக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எஞ்சின் பார்க்கிற இளவரசும் அதைக் கவனித்திருந்தான். "மாமா, டிரைவருக்குக் கை நடுங்குது. கரைக்குத் திருப்பிடலாமா?" என்று காதோடு கேட்டான். திருப்பினால் சாமிக்கண்ணு கதை முடிந்தது. ஓனரம்மாவுக்கு வேறு சாட்சியே வேண்டாம்.

"மத்தியானம் வரைக்கும் பொறு" என்றார் கலியமூர்த்தி.

விடிந்ததும் எடுத்த வலையில் ஒரு பெரிய சங்கரா விழுந்திருந்தது. அந்தப் போட்டில் ஒரு பழக்கம் உண்டு. நல்ல மீன் விழுந்தால் அதன் தலை டிரைவருக்கு. யாரும் கேட்க மாட்டார்கள், கை வைக்க மாட்டார்கள். இந்தப் பயணத்தில் அந்தத் தலையை என்ன செய்வது என்று தெரியாமல் எல்லோரும் அதைப் பார்ப்பதும் வேறு பக்கம் திரும்புவதுமாக இருந்தார்கள். கலியமூர்த்தி அதை எடுத்துத் தனியாக மிளகாய் போடாமல் அவித்தார். கன்னத்துச் சதை, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்பு எல்லாவற்றையும் விரலால் வழித்து, ஒரு முள் இல்லாமல் தடவித் தடவிப் பார்த்தார். சோறும் அவித்த தண்ணீரும் சேர்த்தார். வலை கடலில் இறங்கி, எஞ்சின் முழு வேகத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. இந்த இரைச்சலில் ஆனை பிளிறினாலும் கேட்காது என்று எண்ணிக்கொண்டு, சட்டிக்குள் விட்டுப் பொத்தானை அமுக்கினார்.

கடையில் வண்டு மாதிரிப் பாடியது, போட்டின் மலிவு இன்வெர்ட்டரில் வாய்விட்டு அழுதது. ஆனாலும் சுற்றியது.

எட்டு வருஷம் கூடவே இருந்த மனுஷனுக்கு ஒன்று மறந்துபோனது. எஞ்சின் சத்தம் மற்றவர்களுக்குத்தான் இரைச்சல்; டிரைவருக்கு அது பேச்சு. அதில் ஒரு புது முனகல் கலந்தால் தூக்கத்திலும் எழுந்துவிடுவார். திடீரென்று வேகம் குறைந்தது. அப்புறம் எஞ்சினே நின்றுவிட்டது. வலை கடலடியில் கிடக்க, படகு ஆட, "டேய் இளவரசு! பேரிங் போவுதுடா, கீழ எறங்கிப் பாரு!" என்று கத்திக்கொண்டு சாமிக்கண்ணு கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கம் ஓடிவந்தார். பதறிப்போன கலியமூர்த்திக்கு விரலை எடுக்கத் தோன்றவில்லை. நடுக்கடல் நிசப்தத்தில் அந்தக் கைமிக்சி ஒன்று மட்டும் ஊரைக் கூட்டி அழுதுகொண்டிருந்தது.

எல்லோரும் வந்துவிட்டார்கள். எல்லோரும் சட்டியைப் பார்த்தார்கள்.

சாமிக்கண்ணு முகம் கறுத்தது. "வாணாம்னு சொன்னனா இல்லியா? பசங்க முன்னாடி அசிங்கப்படுத்தணும்னே வந்தியாடா?"

கலியமூர்த்திக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. நிமிர்ந்தார், தலை இடித்தது, அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"ஆமா, அசிங்கந்தான்! நீ வீலு மேல மயங்கி வுழுவ, ஒன்னத் தூக்கிட்டுப் போயி முத்தம்மா முன்னாடி போடுவோம், அது ரொம்ப கவுரவம் பாரு! எனக்கு அலுத்துப்போச்சு மச்சான். நீ எறங்குனா நானும் எறங்கி ஊருக்குப் போயிடலாம்னு மனசு அடிச்சிக்குது. போயிருக்கலாம். சிதம்பரத்துல டீ குடிச்சிட்டு சும்மா வந்திருக்கலாம். முடியல. ஒன் பங்குத் தலை இது. முள்ளு எடுத்து வெச்சிருக்கேன். வேணும்னா குடி, வேணாம்னா கடல்ல ஊத்து!"

ஒருவரும் சிரிக்கவில்லை. இளவரசு குனிந்து, சட்டிக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த டம்ளரை எடுத்துத் துடைத்து, டிரைவர் கையில் கொடுத்தான். "ஆறிடப் போவுது மாமா. வலையும் கெடக்கு" என்றான்.

சாமிக்கண்ணு டம்ளரை நீட்டினார். கலியமூர்த்தி ஊற்றினார். எல்லோரும் நிற்க, சாமிக்கண்ணு திரும்பாமல், அத்தனை பேர் முகத்தையும் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். கடைவாயில் வழிந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடி நீட்டினார். சட்டி காலியாகும் வரை யாரும் நகரவில்லை.

பிறகு வீல் ரூமுக்குப் போய் எஞ்சினைக் கிளப்பினார். கிளப்பிவிட்டு, தலையை மட்டும் வெளியே நீட்டி, பல்லிடுக்கு வழியாகக் கத்தினார்:

"மச்சான்! ராத்திரிக்கு அத ஓட்டறதுக்கு முன்ன ஒரு கொரல் குடு. எஞ்சின்னு நெனச்சி உசுரே பூடுச்சி!"

"சரி மச்சான்" என்று கத்தினார் கலியமூர்த்தி.

பிளேடைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவினார். மனசு நிறைந்திருந்தது, பொய்யில்லை. ஆனால் ராத்திரிக்கு அரைக்க வேண்டும், நாளைக்கு அரைக்க வேண்டும். அடுத்த கடலுக்கும் அதற்கடுத்த கடலுக்கும் முள் எடுக்க இந்த விரல்தான் வேண்டும். இட்லிக் கடை இன்னும் சில வருஷம் காத்திருக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இடுப்பை ஒருதரம் பிடித்துவிட்டுக்கொண்டு, மறுபடி அந்த மரப்பொட்டிக்குள் குனிந்தார்.