கைலாசத்துக்குப் பனி

சப்பாத்திக் கட்டையால் கற்பூரத்தை நுணுக்கினால் மூக்குக்குள் ஜிவ்வென்று ஒரு குளிர்ச்சி ஏறும். இன்றும் அந்த வாசனை வந்தால் என் கண் முதலில் அம்மாவின் கையைத்தான் தேடும்.

கல்கத்தாவில் கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் நவராத்திரிக் கொலுவுக்குப் பக்கத்தில் தெர்மகோலால் ஒரு கைலாசம் செய்து, அதன் மேல் விரல் உயரச் சிவனையும் பார்வதியையும் வைப்போம். என் பத்தாவது வயதில் அந்த மலைக்குப் பனி போடும் வேலையை அம்மா என்னிடம் விட்டாள். பஞ்சை ஒட்டினேன், மலைக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது. உப்பைத் தூவினேன், கல்கத்தா ஈரக்காற்றில் மறுநாளே கசிந்து பார்வதியின் காலை நனைத்தது. மைதாவைச் சலித்தால் "கைலாசத்துல கரப்பான் மேயுதுடி" என்று அம்மா சிரித்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆறாம் நாளான ஷஷ்டி அன்று மத்தியானம் அவள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, "சாமி சாமானைத் தொட்டே, கையை முறிச்சிடுவேன்" என்று ஆயிரம் தடவை சொல்லியிருந்ததையும் மீறி, கற்பூர டப்பாவை எடுத்து முழுவதையும் பொடித்து, பசை தடவிய மலையெங்கும் தூவினேன். அடடா, மினுமினுவென்று அசல் பனி! பூஜை நாளில் கற்பூர வாசனையை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

சாயங்காலம் டப்பாவைத் திறந்தவள் "கற்பூரம் எங்கடி போச்சு?" என்றபோதுதான், நான் தூவியிருப்பது குப்பென்று பற்றிக்கொள்ளும் சாமான் என்பதே எனக்கு உறைத்தது. அடிக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. தாம்பூலம் வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டு வங்காளி மாமி, எங்களுக்குக் காகிமா, ஓடிப்போய்த் தன் வீட்டிலிருந்து நாலு வில்லை கொண்டுவந்தாள்.

அம்மா ஏற்றிய கற்பூரத் தட்டு பிள்ளையாரைச் சுற்றியது, அம்பாளைச் சுற்றியது. மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள், நான் தட்டை விட்டுக் கண்ணையே எடுக்கவில்லை. அம்மா, அங்கே வேண்டாம் என்று மனசு மட்டும் கத்தியது. தட்டு நெருங்கியதுதான் தாமதம், மலையே பற்றிக்கொண்டது. தீ கொலுத் துணிக்குத் தாவுமுன் அம்மா வெறுங்கையால் மலையைத் தரையில் தள்ளினாள். உருகிய தெர்மகோல் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. "ஓ மா! ஜொல், ஜொல்!" என்று அலறியபடி காகிமா வாளித் தண்ணீரைக் கொட்டினாள்.

"என் தப்புதான். தட்டைச் சாய்ச்சுட்டேன் போல" என்றாள் அம்மா, பல்லைக் கடித்து வலியைப் பொறுத்துக்கொண்டு. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நின்றேன்.

இப்போது கொலு, அதே ஊரில் சால்ட் லேக்கிலுள்ள என் ஃபிளாட்டில். குட்டி பொம்மைகளுக்கென்றே விற்கும் பனித்தூளைச் சீசாவில் வாங்கி என் மகள் தூவுகிறாள். தீப்பிடிக்காதாம், மேலே எழுதியிருப்பதை மூன்று முறை படித்துப் பார்த்தேன். அம்மாவின் உள்ளங்கைத் தழும்பு தேடினால்தான் தெரிகிறது. ஆனால் கல்யாண வீடுகளில் கூப்பிட்டு ஆரத்தி எடுக்கச் சொல்வார்களே, அந்தக் கைராசி அன்றோடு போயிற்று; அதன்பின் அவள் கற்பூரம் காட்டியதே இல்லை.

இந்த வருஷமும் அம்மா கற்பூரத் தட்டை என்னிடம் நீட்டினாள்: "நீயே காட்டுடி. என் கையை நம்ப முடியாது."

உண்மையைச் சொல்ல இன்னும் பயம். வாங்கிக்கொண்டேன்.