எக்ஸ் கதிரும் செப்புத் தகடும்

எங்கள் கல்லூரியின் அறிவியல் விழாவுக்கு ஒரு பேச்சாளரை அழைத்து வந்தார்கள். சென்னையில் ‘குவாண்டம் மனவளம்’ என்று வகுப்பு நடத்துபவராம். ஏற்பாடு செய்தவர் எங்கள் துறைத் தலைவர். எனக்கே இயற்பியல் நடத்தியவர். இப்போது அவருக்குக் கீழே நான் ஆசிரியை.

வந்தவருக்குப் பட்டுச் சால்வை என்று சொல்லி எதையோ போர்த்தினார்கள். முன்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாதிப் பேர் வீட்டில் தறி ஓடுகிறது. பாலியஸ்டரைத் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்வார்கள்.

பேச்சு தொடங்கியது. ஒளி அலையாகவும் இருக்கும், துகளாகவும் இருக்கும், நாம் எப்படி நினைக்கிறோமோ அப்படி மாறும் என்றார். எலெக்ட்ரானுக்கு நம் மனசு தெரியுமாம். அதனால் நல்லதையே நினைத்தால் வேலை கிடைக்கும், ரத்தக் கொதிப்பு இறங்கும். கடைசியில் பையிலிருந்து ஒரு செப்புத் தகட்டை எடுத்துக் காட்டினார். கழுத்தில் போட்டால் நம் அலை சீராகிவிடுமாம்.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். எக்ஸ் கதிர் எலெக்ட்ரானில் பட்டுச் சிதறும்போது அதன் அலைநீளம் கூடுகிறதே, அது யார் நினைத்ததால் கூடுகிறது என்று கேட்டேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். “நீங்க மூளையால கேக்கறீங்கம்மா. மனசால கேளுங்க.”

அரங்கமே கைதட்டியது. துறைத் தலைவரும் தட்டினார். அதே சிதறலைக் கரும்பலகை நிறைய எழுதி எனக்குப் புரியவைத்த மனிதர். மேடையில் நின்றவனின் பித்தலாட்டம்கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை, அது அவன் பிழைப்பு. தெரிந்தே தட்டிய கைகளைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் வகுப்பில், வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவி கேட்டாள். “அப்ப அவர் சொன்னது பொய்யா மேடம்? எங்கம்மா அந்தத் தகட்ட வாங்கினு வரச் சொல்லுது.”

கேரம் போர்டை வைத்து விளக்கினேன். ஸ்டிரைக்கர் காயில் மோதினால் தன் வேகத்தில் கொஞ்சத்தைக் காய்க்குக் கொடுத்துவிட்டுத் திசை மாறிப் போகும். எக்ஸ் கதிரும் அப்படித்தான் எலெக்ட்ரானுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுக்கிறது. ஆற்றல் குறைந்தால் அலைநீளம் கூடும். எவ்வளவு அதிகமாகத் திரும்புகிறதோ அவ்வளவு அதிகமாகக் கூடும். மோதுகிற இடத்தில் அது துகள். கூடிய நீளத்தை அளப்பதற்கோ அதைப் படிகத்தில் பட வைத்து, எந்தக் கோணத்தில் அலைகள் ஒன்றோடொன்று சேருகின்றன என்று பார்க்கிறோம், அங்கே அது அலை. ஒரே சோதனைக்குள் இரண்டும் இருக்கிறது. பக்கத்தில் நின்று யார் எதை வேண்டிக்கொண்டாலும் விடை மாறாது.

“அப்ப வாணாம்னு சொல்லிடறேன் மேடம்” என்றாள்.

மாலையில் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். விருந்தாளி மனம் நொந்து போனாராம், போனில் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்க வேண்டுமாம். சொன்னவரின் சட்டைக் காலருக்குள் செப்புத் தகடு மின்னியது.

“நீங்க இத நம்பறீங்களா சார்?”

“நம்பறதுல என்னம்மா நஷ்டம்?”

நான் போன் செய்யவில்லை. விழாக் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். அது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. இப்போதும் வராந்தாவில் எதிரே வந்தால் அவருக்கு வணக்கம் சொல்கிறேன். அதற்கு மேல் அவரிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை.